விண்கலக் கருவிகளைத் தரையிலேயே சோதித்தால் போதாதா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் படிவம் 5 மாணவர் ஒருவரின் கேள்வி இது: வெற்றிட அறையும் அதிர்வு மேடையும் இருக்கும்போது, புதுக் கருவியை ஏன் மேலே அனுப்பிச் சோதிக்கிறார்கள்?

தரைச் சோதனை கட்டாயம் உண்டு, தம்பி. ஆனால் எடையின்மையை இங்கே நாள்கணக்கில் உண்டாக்க முடியாது. கோபுரத்திலிருந்து விழவிட்டால் சில விநாடிதான் கிடைக்கும். அப்புறம், பூமிக்கு அருகிலுள்ள தாழ் சுற்றுப்பாதையில் ஆக்சிஜன் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் மோதி பிளாஸ்டிக்கை அரிக்கும். கூடவே புற ஊதாக் கதிர், கதிர்வீச்சு, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் சூடும் குளிரும். வெயிலில் கிடந்த ரப்பர் பட்டை வெடிப்பதுபோலப் பொருள் கெட்டுப்போகும். இத்தனையும் சேர்ந்து தாக்குவதைத் தரையில் அப்படியே உருவாக்குவது கடினம். அதனால்தான் 2001 முதல் நாசா பொருள் மாதிரிகளை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு வெளியே மாட்டிவைத்து, திரும்ப எடுத்து ஆராய்கிறது.

எனக்குப் பிடித்தது இஸ்ரோவின் சிக்கனம். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை, அதாவது கடைசிப் பகுதி, வேலை முடிந்தால் வெறும் குப்பை. அதையே ‘போயம்’ என்ற சோதனை மேடையாக்கிவிட்டார்கள். 2024 டிசம்பரில் போன போயம்-4இல் 24 சோதனைகள். காராமணி விதைகூட முளைத்தது! அங்கே ஒரு கருவி பழுதானால் நட்டம் அந்தக் கருவியோடு சரி, முழுத் துணைக்கோளும் போகாது.