ஆட்டுக்காரர் கேள்வி பதில்: குட்டி எந்த மாசத்தில் பிறக்கணும்?

நெல்லைச் சீமையில் ஆடு வளர்க்கிறவங்க அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதியிருக்கேன். பாதிக்கு மேல் குட்டி இழப்பு பற்றித்தான். அதனால முதல் பதில் நீளமா இருக்கும், பொறுமையாப் படிங்க.

மானூரிலிருந்து ஒரு அக்கா: அண்ணாச்சி, கன்னி இன ஆடு வச்சிருக்கோம். ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு ரெண்டாப் போடுது. அடை மழையில ஒண்ணாவது போயிருது. கொட்டகைய மாத்திக் கட்டவா?

கொட்டகைக்குச் செலவு பண்றதுக்கு முன்னால ஈத்து மாசத்தை மாத்துங்கக்கா. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், அஞ்சு மாசம். ஐப்பசியில் குட்டி விழுதுன்னா வைகாசியில் கிடா சேர்ந்திருக்குன்னு அர்த்தம். கிடா எப்பவும் மந்தையோடவே திரிஞ்சா, அது நினைச்ச மாசம்தான் உங்களுக்கு ஈத்து மாசம். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த ஈரத்தில் ரெண்டு கிலோ குட்டி தாங்காது.

வைகாசி, ஆனி, ஆடி மூணு மாசமும் கிடாவைத் தனியாக் கட்டுங்க. வாடைகூட பெட்டைகளுக்குப் போகாத தூரம் நல்லது. அப்படி ஒதுக்கி வச்ச கிடாவை ஆவணியில் விட்டா, பெட்டைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். பருவச் சுற்று 21 நாள். ஒன்றரை மாசம் விட்டா ரெண்டு சுற்று கிடைச்சிரும். ஆடிக் கடைசியிலிருந்தே பெட்டைக்குத் தினம் 200 முதல் 250 கிராம் கலப்புத் தீவனம் வைங்க. ரெட்டைக் குட்டி தங்குறது பெரும்பாலும் அந்த ரெண்டு மூணு வாரச் சாப்பாட்டில்தான். சினையின் கடைசி ஒன்றரை மாசமும் அதே கவனிப்பு வேணும்.

தையில் குட்டி விழும். மழை ஓய்ஞ்சிருக்கும், தரையில் பச்சை இருக்கும், தாய்க்குப் பால் ஊறும். மூணு மாசத்தில் பால் மறக்கும்போது சித்திரை. உடைமர நெத்து, கருவேல நெத்து உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிற காலம். தீபாவளிச் சந்தைக்கு ஒன்பது மாசக் கிடாக்குட்டி கையில் இருக்கும்.

குட்டி விழுந்த அரை மணிக்குள்ள சீம்பால் உள்ள போயாகணும். ரெண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளைக்கு மொத்தம் 200 மில்லி, நாலஞ்சு தடவையா. ரெட்டையில் மெலிஞ்சதை அண்ணன்காரன் தள்ளிவிட்டிருவான். காம்பை முதலில் பீய்ச்சி அடைப்பெடுத்து, அதன் வாயில் நீங்களே வைங்க. தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவ மறக்காதீங்க.

சேரன்மகாதேவியிலிருந்து ஒருத்தர்: பிசான நெல்லு அறுத்த வயல்ல செம்மறி மேயுது. தாடைக்குக் கீழ தண்ணி கோத்து வீங்குது. பூச்சி மருந்து ஊத்தியும் கேக்கல. என்ன செய்ய?

தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்கால் நத்தை இருக்கிற இடமெல்லாம் ஈரல் தட்டைப்புழுவும் இருக்கும். உருண்டைப் புழுவுக்கான மருந்துகளில் பல அதைத் தொடாது. ஆனா வயித்தில் ரத்தம் உறிஞ்சுற புழுவாலும் இதே வீக்கம் வரும். அதனால புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதிச்சு, எந்தப் புழுன்னு தெரிஞ்சு மருந்து வாங்குங்க.

புழுவால் ரத்தம் குறைஞ்சிருக்கான்னு தெரிய, கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கப் பழகுங்க. நல்ல சிவப்புன்னா ஆடு தெம்பா இருக்கு. வெளிர் ரோசான்னா கவனிங்க. வெள்ளையாப் போயிருந்தா அன்னைக்கே வைத்தியம். மந்தை முழுக்க மாசாமாசம் ஊத்தினா மருந்துக்குப் புழு பழகிரும், எடை பார்க்காம அரைகுறையா ஊத்தினாலும் அப்படித்தான். சினையான முதல் மாசத்தில் அல்பெண்டசோல்ங்கிற பூச்சி மருந்து வேண்டாம், கருவுக்கு ஆகாது. பனி காயாம வாய்க்கால் ஓரம் பத்தாதீங்க.

திசையன்விளையிலிருந்து ஒரு அம்மா: கோயில் கொடை விழா முடிஞ்ச மறுநாள் ரெண்டு கிடா செத்துப்போச்சு தம்பி. மிஞ்சின சோத்தைத்தான் தின்னுச்சு. துள்ளுமாரிங்காங்க. அப்படித்தானா?

நீங்க சொல்றதைப் பார்த்தா சோறுதான் காரணமா இருக்கும்மா. சோறு வயித்தில் புளிச்சு அமிலமாயிரும். ஆடு அசை போடாது, வயிறு கனத்துத் தொங்கும், கழிச்சல் புளிச்ச வாடை அடிக்கும், தள்ளாடும். பாசத்தில் வைக்கிற ஒரு சட்டிச் சோறு கிடாவைக் கொன்னுரும். கொடை, கல்யாணம் நடக்கிற இடத்துப் பக்கம் போகாம ஆட்டைக் கட்டிப் போடுங்க. தின்னது உடனே தெரிஞ்சா 20 கிராம் சமையல் சோடாவைத் தண்ணியில் கரைச்சுப் புகட்டிட்டு, 1962-க்குப் போன் போட்டு நடமாடும் கால்நடை வண்டியைக் கூப்பிடுங்க. புகட்டும்போது தலையை அண்ணாத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்.

துள்ளுமாரி முதல் மழைக்குப் பிறகு கொழுந்துப் புல் தின்ற, மந்தையிலேயே கொழுத்த ஆட்டைத்தான் அதிகம் தூக்கும். துள்ளி விழுந்து சில மணி நேரத்தில் முடிஞ்சிரும், வைத்தியத்துக்கு நேரமே தராது. புரட்டாசிக்குள்ள ஊசி போட்டிருங்க. முதல் தடவை போடுற ஆட்டுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொண்ணு வேணும். செம்மறி இருந்தா நீலநாக்கு ஊசியும் மழைக்கு முன்னாலயே. கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி பரப்புற நோய் அது. ஆட்டுக்கொல்லி (PPR) நோய்க்கு நாலு மாசக் குட்டியில் ஒரு ஊசி, மூணு வருசம் தாங்கும்.

கங்கைகொண்டானிலிருந்து: வாடின சோளப் பயிர அறுத்துப் போடலாமா?

கூடாது. பூக்காத, வாடின இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் இருக்கும். பூத்த பிறகு அறுத்துப் போடுங்க.

வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி: துபாய்ல இருந்து வந்துட்டேண்ணே. மானியத்துல 100 ஆடு போடலாம்னு இருக்கேன். பயிற்சி எங்க கிடைக்கும்?

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்க தம்பி. சான்றிதழுக்காகப் போகாதீங்க. கண் இமை பார்க்கிறது, எடைக்கு மருந்து கணக்குப் போடுறது, புழுக்கைப் பரிசோதனை, இதெல்லாம் கையால செஞ்சு காட்டச் சொல்லிக் கேளுங்க. தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா திட்டத்துக்கு 50 சதவீத மூலதன மானியம் உண்டு, உச்சம் 10 லட்சம். ஆனா அது ரெண்டு தவணையில் வரும். முதலில் உங்க பணமோ வங்கிக் கடனோ இறங்கணும்.

நான் சொல்றது: பத்துப் பெட்டை, ஒரு கிடாவோட ஒரு வருசம் பாருங்க. மழையும் கோடையும் ஒரு சுற்று வந்தாத்தான் உங்க நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும்னு தெரியும். கன்னி இனமோ கொடி இனமோ, நம்ம வெயிலில் பிறந்ததையே வாங்குங்க. கன்னியில் முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தா பால்கன்னி, செங்கோடுன்னா செங்கன்னி. காது வில்லை போட்டு, தாய் யாரு, கிடா யாருன்னு நோட்டில் எழுதுங்க. ரெண்டு வருசத்தில் கிடாவை மாத்திருங்க, இல்லன்னா அது தன் குட்டியோடயே சேரும். அடுத்த ஈத்தில் சவலைக் குட்டிகளாப் பிறக்கும்.

முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு பெரியவர்: மேலப்பாளையம் சந்தையில கையால தூக்கிப் பார்த்தே வெல சொல்லுதாவ. எடை தெரியாம ஏமாந்து நிக்கோம்.

தையல்காரர் டேப் போதும் பெரியப்பா. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுற்றளவு எடுங்க. தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் எடுங்க. ரெண்டும் இஞ்சில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுங்க. சுற்றளவு 28, நீளம் 26-ன்னா ஏறக்குறைய 31 கிலோ. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவா, 14 கிலோ போலக் கறி நிற்கும். அன்னைக்குக் கறி விலையை அதோட பெருக்கினா வியாபாரி மனசில் ஓடுற தொகை உங்களுக்கும் தெரியும். ஆடு நேரா நிக்கும்போது, காலையில் தீனி வைக்கிறதுக்கு முன்னால அளந்து துண்டுச் சீட்டில் எழுதிட்டு, சந்தை கூடுற செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏத்துங்க.