கிளூகர் இழுக்க, ஜிம்னி ஏற: எந்த ட்ரெய்லர் வாங்கலாம்?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறோம். வீட்டில் டொயோட்டா கிளூகர் ஹைப்ரிட். மூன்று கதவு சுசுகி ஜிம்னி ஒன்று வாங்கி புல்பார் (முன்பக்க இரும்புக் காப்பு), வின்ச் (கேபிள் சுற்றி இழுக்கும் மோட்டார்), பெரிய டயர் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். மேன்ஸ்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைத் தடங்களுக்கு அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக ஆசை. "ஜிம்னி ஒரு டன்தான், இரண்டு டன் ட்ரெய்லர் தாராளம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அவர் சொல்லும் அந்த இரண்டு டன்னுக்குள் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். ட்ரெய்லர் தகட்டில் ஏடிஎம் என்று போட்டிருப்பது ட்ரெய்லரும் அதன் மேல் ஏற்றிய சுமையும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்ற உச்சவரம்பு. அதிலிருந்து காலி ட்ரெய்லரின் எடையை, அதாவது டேர் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜிம்னி கம்பெனியில் இருந்து வரும்போது சுமார் 1,100 கிலோ. இரும்பு புல்பார், வின்ச், மட் டயர், கூரை ரேக், டூல்ஸ், நிரம்பிய ஜெரி கேன் என்று சேரச் சேர அது சுலபமாக 1,300-ஐத் தொடும். கார் ஏற்றுகிற இரும்பு டேண்டம், அதாவது இரண்டு ஆக்ஸில் ட்ரெய்லர் காலியாகவே 600 முதல் 750 கிலோ வரும். கூட்டினால் 1,900-இல் இருந்து 2,050. கிளூகர் இழுக்க அனுமதி உள்ளது பிரேக் வைத்த ட்ரெய்லரோடு 2,000 கிலோதான். கணக்கு உதைக்கிறது, பார்த்தீர்களா? அதனால் ட்ரெய்லர் பார்க்கப் போவதற்கு முன்னால் ஜிம்னியை, பயணத்துக்கு எப்படிப் போகுமோ அப்படியே சாமான்களோடு ஒரு பொது எடைமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் யாரிடமும் விலை பேச வேண்டாம்.

சீட்டில் 1,300 என்று வந்தால் நீங்கள் தேட வேண்டியது கனமான, "ஸ்ட்ராங்கான" ட்ரெய்லரை அல்ல. டேர் 500-ஐ ஒட்டி இருக்கிற, 2,000 ஏடிஎம் உள்ள லேசான டேண்டம், பெரும்பாலும் அலுமினியம். விலை கூடத்தான். ஆனால் உங்கள் காருக்கு ட்ரெய்லரில் குறையும் ஒவ்வொரு கிலோவும் காசுக்குச் சமம். இதே ஜிம்னியை 3,500 கிலோ இழுக்கும் இசுசு எம்யூ-எக்ஸ் மாதிரி வண்டியில் இழுப்பதாக இருந்தால் இரும்பே போதும் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, டோ பாலில் (காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையில்) அழுத்தும் எடை கிளூகரின் சுமையாகவும் கணக்காகும். பொதுவாக ட்ரெய்லர் எடையில் பத்து சதவீதம், உங்களுக்கு 180, 190 கிலோ. குடும்பம் முழுக்க ஏறி டிக்கியும் நிறைந்தால் காரின் சொந்த வரம்பு இடிக்கலாம், மேனுவலில் ஜிவிஎம் (காரும் அதன் சுமையும் சேர்ந்த உச்சவரம்பு), ஜிசிஎம் (காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்சவரம்பு) இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது பிரேக். ஆஸ்திரேலிய விதிப்படி 750 கிலோவுக்கு மேல் 2,000 வரை குறைந்தது ஒரு ஆக்ஸிலின் சக்கரங்களுக்காவது பிரேக் வேண்டும். 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும், கூடவே ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே அமைப்பும். உங்கள் எடைக்கு ஓவர்ரைடு பிரேக் சட்டப்படி செல்லும், காரில் தனியாக எதுவும் மாட்ட வேண்டியதில்லை என்பதால் விற்பவர்கள் அதைத்தான் தள்ளிவிடுவார்கள். நான் எலக்ட்ரிக் பிரேக்தான் சொல்வேன். ஓவர்ரைடு, கார் வேகம் குறைந்து ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டினால்தான் பிடிக்கும். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் அதுவே பிடித்துக்கொண்டு நிற்கும், இறங்கி லீவரைப் போட வேண்டும். எலக்ட்ரிக்கில் டாஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கலாம். ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் காப்பாற்றுவது அதுதான், அந்த நேரத்தில் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட வேண்டும்.

வாலாட்டமே வராமல் இருக்க ஜிம்னியை முன்பக்கமாக ஏற்றுங்கள், எஞ்சின் எடை முன்னால் இருக்கட்டும். ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினாலே டோ பாலில் அழுத்தும் எடை மாறும், அதற்கு இடம் வேண்டும் என்பதால் வண்டி குட்டியாக இருந்தாலும் 4 மீட்டர் தளமாவது பாருங்கள். பின்பக்கம் சரியும் தளம், டில்ட் தளம் எல்லாம் தாழ்வான கார்களுக்கு. 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி உள்ள வண்டிக்கு அந்தச் செலவு வீண், நல்ல ரேம்ப் இரண்டு போதும். வின்ச் மட்டும் அவசியம், தடத்தில் உடைந்த வண்டி தானாக ஏறாது. உங்கள் புல்பார் வின்ச்சையே பயன்படுத்தலாம், ட்ரெய்லர் முன்புறத்தில் அதற்கான கொக்கி வளையம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மண் ரோடு ஓட்டம் இருப்பதால் ஸ்பிரிங் ராக்கர் ரோலர் வகையாக இருந்தால் நல்லது, மேடு பள்ளத்தில் இரண்டு ஆக்ஸிலும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

கட்டுவது பற்றி: ஆஸ்திரேலிய விதிப்படி முன்பக்கமாகச் சுமையின் எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். லிஃப்ட் செய்த (உயரம் கூட்டிய) வண்டியைச் சேஸிஸில் கட்டினால் சஸ்பென்ஷன் ஆடி ஆடி ஸ்ட்ராப் தளரும். சக்கரத்திலோ, பிரேக் குழாயில் படாமல் ஆக்ஸிலிலோ கட்டுங்கள். கிளம்பி இருபது கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள்.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான் போவீர்கள் என்றால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், வாடகை ட்ரெய்லரின் டேர் எடையைக் கேட்காமல் எடுக்காதீர்கள், பல நல்ல கனம். வாங்கினால் ஸ்பேர் டயரோடு வாங்குங்கள். ட்ரெய்லர் சக்கரமும் கிளூகர் சக்கரமும் பொருந்தும் என்று சொல்ல முடியாது, காரின் ஸ்டெப்னியை நம்பிக் கிளம்ப வேண்டாம்.