லோயருக்குக் காசில்லை, வழக்கு இருக்கிறது: கேள்வி பதில்

இலங்கையில் குற்ற வழக்கில் அரசு செலவில் சட்டத்தரணி கிடைப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கள் வருமானத்துக்குக் கிடைக்குமா?" பெயரையும் தோட்டத்தையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் மலையகத்து நீதிமன்றங்களில் ஆஜராகும் சட்டத்தரணி, அந்த உதவியைத் தரும் சட்ட உதவி ஆணைக்குழுவில் வேலை செய்பவள் அல்ல. ஆகவே இங்கே நான் சொல்வது வழிகாட்டல்தான், முடிவு சொல்ல வேண்டியது அவர்கள்.

தலவாக்கலையிலிருந்து: அக்கா, என் மகன் மீது அடிதடி வழக்கு, நீதவான் நீதிமன்றத்தில். நானும் மனைவியும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மகன் கொழும்பில் கடையில் நின்றவன், இப்போது வேலை இல்லை. "ரெண்டு பேர் சம்பளம் வருதே, உங்களுக்கெல்லாம் கிடைக்காது" என்று தோட்டத் தலைவர் சொல்கிறார். லோயர் 40 ஆயிரம் கேட்கிறார். நகையை அடகு வைக்கப் போகிறோம்.

அடகுக் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் பொறுங்கள் ஐயா. தலைவர் சொல்வதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வழக்கை எடுக்குமுன் அவர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். முதலாவது பணவசதி: மாத வருமானத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாவது, வழக்கில் பேசுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்பது. அந்த வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து லயத்துக்காரருக்குச் சொன்ன தொகையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அலுவலகத்தில் கேட்டால் அன்றைய தொகையைச் சொல்வார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதை வைத்துப் பார்த்தால் மாதத்தில் 25 பேர் விழுந்தவருக்கு, அதாவது 25 நாள் வேலை பதிவானவருக்கு, 33,750. 18 பேர்தான் விழுந்தது என்றால் 24,300. ஒரே ஆள், ஒரே தோட்டம், ஆனால் மாதத்துக்கு மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். கொழுந்து மலிந்த மாதத்துச் சீட்டை மட்டும் நீட்டினால் நீங்கள் வசதிக்காரர். காய்ந்த மாதத்துச் சீட்டை மட்டும் காட்டினால் "மிச்சச் சீட்டு எங்கே?" என்பார்கள். ஆறு மாதச் சீட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி முற்பணம் எல்லாம் கழித்திருக்கும். கையில் வந்தது என்ன என்பதைச் சீட்டே சொல்லட்டும். கைக்காசுக்குப் பறித்தது, அதாவது நாட்சம்பளத்துக்கு வெளியே கொழுந்து பறித்துக் கையில் வாங்கிய காசு, சீட்டில் ஏறாவிட்டாலும் அதையும் வாயால் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்று: வழக்கு உங்கள் மீது இல்லை, மகன் மீது. விண்ணப்பதாரர் அவர்தான். வேலை இழந்தவர் என்பதற்குக் கடை முதலாளியின் கடிதம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழில் அது எழுதப்பட வேண்டும். உங்கள் சம்பளத்தை மறைக்கச் சொல்லவில்லை. "இவர் சம்பாத்தியம் இவ்வளவு, அப்பா அம்மா சம்பாத்தியம் இவ்வளவு, வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இத்தனை பேர்" என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு பெரிய தொகையாகச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

அடையாள அட்டை, வழக்கிலக்கம், அடுத்த தவணைத் திகதி, பொலிஸ் கொடுத்த ஏதாவது துண்டு இருந்தால் அதுவும் வேண்டும். தவணைக்கு முதல் நாள் மாலை போய் நிற்காதீர்கள்.

ராகலையிலிருந்து: அந்த ஆணைக்குழு தாபரிப்பு (மனைவி பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம்), காணி வழக்குதான் எடுக்கும், கிரிமினல் எடுக்காது என்று நீதிமன்றத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா சேர்?

சேர் இல்லை, அக்கா என்றே கூப்பிடலாம்.

பாதி உண்மை. ஆணைக்குழுவின் வாசலில் நிற்பவர்களில் தாபரிப்புக்கு வந்த பெண்கள்தான் அதிகம், அதனால் அந்தப் பேச்சு. ஆனால் குற்ற வழக்கும், பிணை விண்ணப்பமும் அவர்கள் செய்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. அரசியலமைப்பின் 13(3) உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ பேச உரிமை உண்டு என்கிறது. சட்டத்தரணிக்கு யார் காசு கொடுப்பது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்வது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்கான சட்டம், எல்லோரும் ஐ.சி.சி.பி.ஆர் சட்டம் என்கிறோமே, அது. பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் ஆட்களைப் பிடித்து உள்ளே போடுவதற்காகத்தான் அதன் பெயர் செய்தியில் அடிபட்டது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில், சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவருக்கு, நீதியின் நலன் வேண்டி நிற்கும் பொருத்தமான வழக்குகளில், அவரிடம் காசு வாங்காமல் சட்ட உதவி ஒதுக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. அங்கே ரூபாக் கணக்கு எதுவும் இல்லை. "போதிய வசதி இல்லை" என்பதுதான் அளவுகோல்.

நடைமுறையில் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வேறுபடும். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கையளிக்கும்போது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சட்டத்தரணி இல்லை என்றால், நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது, செலவு அரசுடையது. நீதவான் நீதிமன்றத்தில் அப்படி உறுதியான ஏற்பாடு இல்லை. அங்கேதான் ஆணைக்குழு தேவைப்படுகிறது. மலையகத்து ஆட்கள் மாட்டுவதில் பெரும்பகுதி நீதவான் நீதிமன்றத்தில்தான் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நாவலப்பிட்டியிலிருந்து: கொலை வழக்கில் அண்ணன் பல்லேகலையில் விளக்கமறியலில் இருக்கிறார். மேல் நீதிமன்றம் ஒரு லோயரைப் போட்டிருக்கிறது. சின்னப் பையனாக இருக்கிறார். வேறு ஆளைக் கேட்கலாமா? பிணை எடுக்க முடியுமா?

விரும்பிய ஆளைத் தெரிவு செய்யும் உரிமை காசு கொடுத்து அமர்த்தும்போதுதான். நியமிக்கப்பட்டவர் வேலையே பார்க்கவில்லை, வழக்கேட்டைத் திறக்கவில்லை என்றால் அதை நீதிபதியிடம் திறந்த மன்றில் அண்ணனே சொல்லலாம். வயது குறைவு என்பது காரணம் ஆகாது தங்கச்சி. நியமனத்துக்குக் கிடைக்கும் கட்டணம் சொற்பம், அதனால் இளையவர்கள்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். பேர் எடுக்க வேண்டும் என்று ராத்திரி விழித்துப் படித்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவரைத் தவணைக்கு முன்னால் சந்தியுங்கள். சம்பவ நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தார், யார் பார்த்தார்கள், யாருக்கும் பழைய பகை உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சிறைக்குள் இருப்பவரிடம் அவர் எடுக்கக்கூடிய நேரம் கொஞ்சம்தான்.

பிணை கேட்கலாம், ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் என்பதால் நீதவானிடம் அல்ல, மேல் நீதிமன்றத்தில். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது.

பதுளையிலிருந்து: எங்களுக்கு அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறது. அதைக் காட்டினால் போதுமா?

நல்ல ஆதாரம், கட்டாயம் கொண்டு போங்கள். அது மட்டும் போதும் என்று வேறெதையும் எடுக்காமல் போகாதீர்கள்.

ஹட்டனிலிருந்து: இது வேறு மாதிரிக் கேள்வி. தம்பி லண்டனில் இருக்கிறான். ஒரு சண்டையில் பொலிஸ் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறது. அங்கே ஏழைக்கு லோயர் தருவார்களாமே, எங்கள் காணியை விற்க வேண்டுமா?

விற்க வேண்டாம், முதலில் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கும்போது யாருக்கும் லோயர் இலவசம், வருமானமே கேட்கமாட்டார்கள். நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் கணக்கு. பதுளைக்காரர் கேட்டாரே, அந்த மாதிரி அங்கே உண்மையிலேயே உண்டு: யுனிவர்சல் கிரெடிட் போன்ற சில அரச உதவிகள் பெறுகிறவர் வருமானச் சோதனையைத் தாண்டியவராகவே எடுத்துக்கொள்ளப்படுவார். 18 வயதுக்குக் கீழானவரும் அப்படித்தான்.

மற்றவர்களுக்கு, பல வருடமாக நடைமுறையில் இருந்துவரும் அளவுகள் இவை. குடும்ப அளவுக்கு ஏற்பச் சரிசெய்த ஆண்டு வருமானம் 12,475 பவுண் அல்லது அதற்குக் குறைவு என்றால் கிடைக்கும். மஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்கில் 22,325 அல்லது அதற்கு மேல் என்றால் கிடைக்காது. இடையில் இருந்தால் வாடகை, பிள்ளைச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதைப் பார்ப்பார்கள், அது வருடத்துக்கு 3,398 பவுணைத் தாண்டக் கூடாது. கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகிற பெரிய வழக்கில் வாசல் கொஞ்சம் அகலம். மிஞ்சுவது 37,500க்குக் கீழே இருந்தால் உதவி கிடைக்கும், ஆனால் மாதாமாதம் பங்குத்தொகை கட்ட வேண்டி வரலாம். விடுதலையானால் கட்டியது திரும்பி வரும். மனைவியோ துணையோ கூட இருந்தால் அவர் வருமானமும் சேரும், அவரே முறைப்பாட்டுக்காரராக இருந்தால் ஒழிய.

மஸ்கெலியாவிலிருந்து: நீதவான் ஒரு லட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை என்றார். லயத்தில் இருக்கிறோம், காணி உறுதி கிடையாது. மூன்று வாரமாகத் தம்பி உள்ளே.

பிணைக்கட்டளை கிடைத்தும் உள்ளே இருப்பது நம் பக்கத்தில்தான் அதிகம். இருநூறு வருடமாக இந்த மண்ணில் இருக்கிறோம், ஆனால் பிணைக்கு நிற்க ஒரு துண்டு உறுதி இல்லை.

சரீரப் பிணை என்றால் ஒரு லட்சத்தை மேசையில் வைக்கச் சொல்வது அல்ல. எதிரி வராமல் போனால் அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்பேன் என்று கையெழுத்து வைப்பது. காணி இல்லாவிட்டாலும், நிரந்தரத் தொழிலும் நிலையான முகவரியும் உள்ளவரை நீதிமன்றம் ஏற்கலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர், தபாற்காரர், பெயர் பதிந்த தொழிலாளி யாரையும் கேட்டுப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். சில தோட்டங்களில் கிராம உத்தியோகத்தர் குறிப்பிட்ட கிழமையில்தான் அலுவலகத்தில் இருப்பார், அதை விசாரித்துக் கொண்டு போங்கள்.

அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. "குடும்ப வருமானம் இவ்வளவு, மூன்று வாரமாகப் பிணையாளி கிடைக்கவில்லை" என்று ஒரு விண்ணப்பம் போட்டால் கேட்கும் நீதவான்கள் இருக்கிறார்கள். மறுத்தால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்த ஒரு விண்ணப்பத்துக்காக மட்டும்கூட ஆணைக்குழுவிடம் போகலாம், முழு வழக்கும் எடுக்க வேண்டும் என்றில்லை.

கந்தப்பளையிலிருந்து: எனக்கு மரக்கறித் தோட்டம், ஒரு சின்ன லொறி. லொறி லீசிங்கில். விலை விழுந்து கடன்தான் மிச்சம். லொறி இருக்கிறதென்று தள்ளிவிடுவார்களா?

லொறியை மறைத்தால்தான் தள்ளிவிடுவார்கள். லீசிங் கம்பனியின் மீதிக் கடிதம், மாதத் தவணைத் துண்டு, உரம் வாங்கிய கடன் சிட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். லீக்ஸ் கிலோ என்ன விலைக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். உண்மையைச் சொல்வதானால் உங்கள் நிலைமை எல்லைக்கோட்டில் இருக்கிறது. மறுத்தாலும் ஆலோசனையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

வெலிமடையிலிருந்து: கசிப்பு (கள்ளச்சாராயம்) வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு அன்றே முடியும் என்று பொலிஸ்காரர் சொல்கிறார். லோயர் எதற்கு?

செய்திருந்தால், தெரிந்தே ஒப்புக்கொண்டால் அது உங்கள் இஷ்டம். ஆனால் பதிவு இருக்கும். நாளைக்குக் கட்டாருக்கோ குவைத்துக்கோ போகப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கும்போது அது எட்டிப் பார்க்கும். ஒப்புக்கொள்ளுமுன் யாராவது ஒரு சட்டத்தரணியிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். தண்டப்பணம் ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் அவகாசம் கேட்கலாம்.

இன்னொருவர், ஊர் போடவில்லை: பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நீதிமன்றத்திலும் எல்லாம் சிங்களம். என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராகச் சாட்சியாகப் பாவிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டம் மாதிரியான சிலவற்றில் மட்டும் கதை வேறு. நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்பைக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் உரிமை இருக்கிறது, செலவு அரசுடையது, அதற்கு வருமானச் சோதனை எதுவும் கிடையாது. பேர் கூப்பிட்டதும் "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் விளங்கியது என்றே பதிவார்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: நீதிமன்ற வளவில் ஒருவர் 5,000 கொடுத்தால் இலவச லோயர் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்க வேண்டாம். நீதிமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே சட்ட உதவி அலுவலகம் எங்கே என்று பதிவறையில் கேளுங்கள், நேராகப் போங்கள்.