கோபம் வந்தால் படைப்பு ஜெயித்ததா?

அன்புள்ள சார்,

சமீபத்தில் ஒரு நவீன கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு அறை முழுக்கக் கறை படிந்த பழைய மெத்தைகள், சுவரில் அதைப் பற்றி ஒரு பக்கத்துக்குக் குறிப்பு. எரிச்சலாக இருந்தது, வாய்விட்டுச் சொன்னேன். கூட வந்த நண்பர், "உனக்குக் கோபம் வந்ததே, அங்கேயே அது ஜெயித்துவிட்டது" என்றார். எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிடித்தாலும் வெற்றி, பிடிக்காவிட்டாலும் வெற்றி என்றால் பார்க்க வருகிறவர் எதற்கு? வரிசையில் முன்னால் நிற்பவரின் காலை மிதித்தால்கூடத்தான் கோபம் வரும். அந்தக் கோபம் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்க வேண்டும்.

1997-இல் லண்டன் ராயல் அகாடமியில் 'சென்சேஷன்' கண்காட்சி. அதில் மார்கஸ் ஹார்வியின் 'மைரா' என்ற பெரிய ஓவியம் இருந்தது. குழந்தைகளைக் கொன்ற மைரா ஹிண்ட்லியின் முகம், போலீஸ் எடுத்து, பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் போட்டு அந்த நாட்டுக்கே மனப்பாடமாகிப்போன அதே படம். தூரத்தில் நின்றால் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாதிரிதான் இருக்கும், கிட்டே போகப் போக முகம் கலைந்து, கன்னத்து நிழலும் கண்ணுக்குக் கீழே இருக்கும் இருட்டும் எல்லாமே ஒரு குழந்தையின் உள்ளங்கை அச்சுகள் என்று தெரியும். திறந்த முதல் நாளே ஒருவர் மை வீசினார், இன்னொருவர் முட்டை எறிந்தார். கொல்லப்பட்ட சிறுவன் ஒருவனின் தாய், யாரும் உள்ளே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சிறையில் இருந்த ஹிண்ட்லியே அதை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். சுத்தம் செய்து, பாதுகாப்புத் தடுப்புக்குப் பின்னால் மறுபடி மாட்டினார்கள்.

அந்தத் தாயின் கோபத்துக்கு எதிராக ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அது முக்கியமான படைப்பு என்றே நினைக்கிறேன். அங்கே வரும் கோபம் நம்மைத் திரும்பப் படத்திடமே அனுப்புகிறது. அந்த முகத்தை இத்தனை வருடம் அச்சடித்து விற்றது யார், வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தது யார் என்று கேட்காமல் நகர முடியாது.

இன்னொன்று, 2000-இல் டென்மார்க்கின் டிராப்ஹோல்ட் அருங்காட்சியகத்தில் மார்கோ எவரிஸ்டி வைத்தது. 10 மிக்ஸிகள், தண்ணீர், உள்ளே உயிரோடு தங்கமீன்கள். விருப்பமிருந்தால் பட்டனை அழுத்தலாம். அழுத்தினார்கள், மீன்கள் செத்தன. அருங்காட்சியக இயக்குநர்மீது விலங்குவதை வழக்குப் போட்டார்கள், கடைசியில் அவர் விடுதலையும் ஆனார். மனிதனுக்குள் இருக்கும் குரூரத்தைக் காட்டிய படைப்பு என்று இதைப் புகழ்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டனை வைத்தால் யாராவது அழுத்தத்தான் செய்வார்கள், இதைத் தெரிந்துகொள்ள ஓர் உயிர் போக வேண்டுமா? அழுத்தினவரைத் திட்டி முடித்தபின் அங்கே பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

சரி, உங்கள் மெத்தைகள். நான் பார்க்காததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முடிந்தால் இன்னொரு முறை போங்கள், சுவர்க் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். மெத்தைகளைச் சுற்றி வாருங்கள், கறை எங்கே இருக்கிறது, எப்படிக் கிடத்தியிருக்கிறார்கள், நடக்க எவ்வளவு வழி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறமும் எரிச்சல்தான் என்றால் அதுவும் ரசனைதான், அதற்காக யாரிடமும் கூச வேண்டாம். நண்பரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள், அந்த அறையில் அவர் என்ன பார்த்தார் என்று. உங்கள் கோபத்தை விட்டுவிட்டு மெத்தையைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.