முதலில் பல் டாக்டரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. நாமக்கல் பக்கம் கிராமம், வீட்டிலேயே தையல் வேலை. முதுகுவலி என்று போனதில் மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்கு மாதம் ஊசி, மாத்திரை எடுத்து நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் பெரிய கீமோ கொடுத்து, என் ஸ்டெம் செல்லையே எனக்கு ஏற்றப் போகிறார்களாம். ஆபரேஷன் எத்தனை மணி நேரம்? எலும்பைத் திறப்பார்களா? நான் என்ன தயார் செய்ய வேண்டும்? கொல்லையில் இருக்கும் கோழிகளைக் கொடுத்துவிட வேண்டுமா? திரும்ப மெஷினில் எப்போது உட்காரலாம்?

பதில்: ஆபரேஷனே கிடையாது அம்மா. எலும்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். 'மாற்று சிகிச்சை' என்ற பெயர்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது.

முதலில் நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு, மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்களை, ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். அப்போது இடுப்பும் நெஞ்செலும்பும் குடையும். நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்காதீர்கள், அது மஜ்ஜை சுறுசுறுப்பாக வேலை செய்கிற வலி. பிறகு ஒரு மெஷினோடு இணைத்து, ரத்தத்தை வெளியே எடுத்து, வேண்டிய செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். நாலைந்து மணி நேரம் ஆகும். நடுவில் உதட்டைச் சுற்றி மரத்துப் போனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்லாவது வேண்டும். முதல் நாளில் சேராவிட்டால் மறுநாளும் எடுப்பார்கள், அதில் கவலைப்பட எதுவும் இல்லை.

அடுத்தது மெல்ஃபலான். பெரிய கீமோ என்று அவர்கள் சொன்னது இதைத்தான். நோயோடு சேர்த்து நல்ல மஜ்ஜையையும் இது அழித்துவிடும், அதனால்தான் செல்களை முன்பே எடுத்து வைத்து, பிறகு திருப்பி ஏற்றுவது. இந்த மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி வைத்துச் சப்பச் சொல்வார்கள். பல் கூசினாலும் துப்பிவிடாதீர்கள். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகும், வாய்ப்புண்ணும் குறையும். இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தரும் வைத்தியம் எங்கள் வார்டில் வேறு இல்லை. ஓரிரு நாளில் செல்களை ஏற்றுவார்கள். ரத்தம் ஏற்றுவது மாதிரிதான், இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். உறையவைத்த செல்லாக இருந்தால் அறையில் பூண்டு வாசம் அடிக்கும், உங்களுக்கல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஐந்தாவது நாளிலிருந்து கிட்டத்தட்ட பன்னிரண்டாவது நாள் வரை வெள்ளணுக்கள் ஏறக்குறைய பூஜ்யம். காய்ச்சல், பேதி, வாய்ப்புண், எழுந்து உட்காரவே மனம் வராத அசதி. நீங்கள் தயாராக வேண்டியது இந்த ஒரு வாரத்துக்குத்தான்.

அதனால் இந்த வாரமே பல் டாக்டரைப் பாருங்கள். ஒரு சொத்தைப் பல், ஈறில் கொஞ்சம் சீழ், இப்போது தொந்தரவு தராது. வெள்ளணு இல்லாத நாளில் அதே இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறும். ஆனால் ஒன்று: மைலோமாவுக்கு எலும்பைப் பலப்படுத்த மாதாமாதம் ஒரு ஊசி போட்டிருப்பார்கள். அதைப் போட்டவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஊசிச் சீட்டைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள், பிடுங்குவதாக இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ரத்தம், பிளேட்லெட் கொடுக்க நாலைந்து பேரை இப்போதே சொல்லி வையுங்கள். ஆஸ்பிரின் போட்டவர் மூன்று நாளைக்குப் பிளேட்லெட் கொடுக்க முடியாது. கூட இருக்க ஒரே ஆள் போதும், அவருக்குச் சளி, இருமல் இருக்கக் கூடாது. பார்க்க வருகிற சொந்தங்களைப் போனிலேயே நிறுத்திவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முடி இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டும். முன்கூட்டியே எடுத்துவிட நினைத்தால் மெஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வேண்டுதல் என்று கத்தி வைத்து மொட்டை வேண்டாம், ஒரு சின்னக் கீறல் போதும்.

பப்பாளி இலைச் சாறு, வேப்பங்கொழுந்து, யாரோ கொடுத்த லேகியம் எதுவும் இப்போது வேண்டாம். சூடாகச் சமைத்த கஞ்சி, இட்லி, குழைந்த பருப்பு சாதம், நன்றாக வெந்த முட்டை போதும்.

கோழிகளை விற்க வேண்டாம். கூட்டைச் சுத்தம் செய்வதும் வைக்கோல் உதறுவதும் மட்டும் உங்கள் வேலையாக இருக்கக் கூடாது, அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். ஆறு மாதமாவது வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் மாத்திரை போட்டுப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், எவை எப்போது என்று அவர்களே சொல்வார்கள்.

தையல் மெஷினா? பிளேட்லெட் நிமிர்ந்த பிறகுதான், ஊசி விரலில் ஏறினால் ரத்தம் நிற்க வேண்டுமே. பெரும்பாலானவர்கள் மூன்று மாதத்தில் பழைய வேலைக்கு வருகிறார்கள். முதலில் ஹெம்மிங், பட்டன் என்று உட்காருங்கள். முகூர்த்த மாத ஆர்டரை மட்டும் இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள்.