11175இல் வாசிக்கப்படும் எழுத்துகள்: ஒரு வாசகரின் ஐயத்துக்கு விளக்கம்

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் ஆயா வீட்டில், ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த வால்வு ரேடியோ இன்னும் வேலை செய்கிறது. அமெரிக்க விமானப்படை 11175 கிலோஹெர்ட்ஸில் சங்கேதச் செய்திகளை வாசிப்பதாக அறிந்து திருப்பிப் பார்த்தேன். வாத்து கத்துவது போன்ற ஒலிதான் கேட்கிறது. ரேடியோவில் பழுதா? செய்தியின் பொருளைக் கண்டறிய முடியுமா? கேட்பது குற்றமா?

பதில்: ரேடியோவில் பழுதில்லை. பெரும்பாலும் நீங்கள் கேட்டது மனிதக் குரலாகவே இருக்கும். சாதாரண வானொலி நிலையங்கள், ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் அமையும் பக்கப்பட்டைகளையும் சேர்த்து அனுப்புகின்றன. இராணுவ நிலையங்களோ மின்திறன் வீணாகாமலிருக்க, ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு மேல் பக்கப்பட்டையை மட்டுமே அனுப்புகின்றன. நீக்கப்பட்ட ஊர்தி அலையை ஏற்பியே, அதாவது கேட்கும் ரேடியோவே, உண்டாக்கிச் சேர்த்தால்தான் அது பேச்சாகும். வீட்டு உபயோகத்துக்கான வால்வு ரேடியோக்களில் பொதுவாக அந்தச் சுற்று இருப்பதில்லை. டெக்சன் பி.எல்.330 போன்ற, எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சிறு ரேடியோ போதும். நுண்திருகை மெல்லத் திருப்பும்போது கரகரத்த குரல் கீச்சுக்குரலாகி, ஓரிடத்தில் சட்டென்று தெளிந்து, "ஆல்ஃபா, கிலோ, செவன்" (அதாவது A, K, 7) என்று நிதானமாக வாசிப்பது கேட்கும். முதன்முறை அதைக் கேட்ட இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

பொருளைக் கண்டறிய முடியாது. அந்த முயற்சியில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அவசரச் செயல் செய்தி எனப்படும் இவற்றில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டுமே வருகின்றன. பெரும்பாலானவை 30 குறிகள் கொண்டவை. முதல் ஆறு குறிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு முழுச் செய்தியையும் வாசிப்பார்கள்; பிறகு அதையே மறுபடி வாசிப்பார்கள். சங்கேதத்தை அவிழ்க்கும் திறவுகோல், செய்தியைப் பெற வேண்டியவரிடம் மட்டுமே இருப்பதால், நூறு செய்திகளை எழுதிச் சேர்த்தாலும் நமக்கு ஒன்றும் புலப்படாது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதே நமக்குக் கிடைக்கும் அறிவு. அது சிறிய அறிவன்று. இச்செய்திகளை அனுப்பும் அமெரிக்க விமானப்படை வலையமைப்பின் நிலையங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியா. செட்டிநாட்டிலிருந்து ஏறத்தாழ 2000 கி.மீ. தெற்கே உள்ளது. பகலில் 11175, இரவில் 8992 என்று தொடங்கி, நேரம், அலைவரிசை, வலு, செய்தியின் நீளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து எழுதுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் பாக்கியசாலி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டில் 20 மீட்டர் செம்புக் கம்பியை ஏரியலாக முற்றத்தின் மேலாகக் கட்ட இடமிருக்கும். நாட்டு ஓடும் தேக்குத் தூணும், கம்பி கட்டிய கான்கிரீட்டைப் போல அலையைத் தடுப்பதில்லை. உங்கள் உண்மையான எதிரி இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்குகளும்தான். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, இன்வெர்ட்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால், ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

சட்டத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. ஆகவே நம் நாட்டுப் படைகள், காவல்துறை ஆகியவற்றின் அலைவரிசைகளை அறவே தவிர்த்துவிடுங்கள்; அயல்நாட்டுச் செய்தியாயினும் அதன் உள்ளடக்கத்தை யாருக்கும் பரப்பாதீர்கள். கம்பி கட்டுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வதும், அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு எழுதுவதும் நல்லது. அதுவரை, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏற்பியை இணையம் வழியே திருப்பிக் காதைப் பழக்கலாம். ஆனால் அதில் கேட்பது ஐரோப்பாவின் வானமே, நம் வானமன்று.

வால்வு ரேடியோவின் பழைய மின்தேக்கிகளைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்குமுன் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.