பாத்ரூமுக்குத்தான் அனுமதி கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன?

கேள்வி: பள்ளிக்கரணையில் எங்களுக்குச் சொந்த ஃபிளாட். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் போட நினைத்தேன். அசோசியேஷன் மேனேஜர் கொத்தனாரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார். என் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? பாத்ரூம் வேலைக்கு மட்டும் சரி என்றார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கலாமே என்று அதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த அம்மா ஐந்து மாதமாகத் தங்கை வீட்டில் இருக்கிறார்.

பதில்: சுவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை பில்டரிடம் கேட்டு வாங்குங்கள். மிவான் முறையில், அதாவது அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றிச் சுவரும் தளமும் எழுப்பிய கட்டடம் என்றால் நீங்கள் செங்கல் தடுப்பு என்று நினைப்பது கம்பி கட்டிய கான்கிரீட் சுவராக இருக்கும், மேல்மாடிகளின் பாரம் அதன் வழியாகத்தான் இறங்கும், அதில் கை வைக்க உங்களுக்கு உரிமையே கிடையாது. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்ககத்தின் ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது தளம் இடிந்து கீழ்த்தளங்களையும் இழுத்துக்கொண்டு போனது, இரண்டு பெண்கள் இறந்தார்கள். அங்கே கான்கிரீட்டே தரம் கெட்டுப்போயிருந்தது பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. வெறும் தடுப்புச் சுவர்தான் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கடிதம் வாங்கி செக்ரட்டரியிடம் கொடுங்கள், அப்போதும் மறுத்தால் அசோசியேஷனின் எந்த பைலாவின்படி (விதியின்படி) என்று எழுத்தில் கேளுங்கள். மேனேஜர் கமிட்டி சொன்னதைச் செய்கிறவர், அவரோடு கேட்டில் மல்லுக்கு நிற்காதீர்கள்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். பாத்ரூமுக்கு அனுமதி கையில் இருக்கிறது. அம்மா விழுந்ததும் அதே பாத்ரூமில்தான். பிறகு ஏன் அவர் ஐந்து மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார்? அசோசியேஷனாலா? இல்லை, உங்கள் ஓப்பன் கிச்சனால். என் மகன் சொந்தமாக வீடு வாங்கிவிட்டான் என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பார் அந்த அம்மா, அந்த வீட்டுக்குள் வர இன்று ஒரு சுவருக்காகக் காத்திருக்கிறார். பெற்றவளைப் பார்த்துக்கொள்வது, மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு வசதிப்படும்போது செய்கிற காரியம் இல்லை. தங்கைக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர் வாய் திறந்து சொல்லாததாலேயே அவருக்குச் சிரமம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

இந்த வாரமே கொத்தனாரை வரச் சொல்லுங்கள். சொரசொரப்பான டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், அதன் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் அழுத்திப் பிடித்தாலும் பெயராத கைப்பிடிகள், வாசலில் கால் தடுக்காத மட்டம். பழைய டைல்ஸை எடுத்தால் வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போட்டு, டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டி வைத்துப் பாருங்கள், கீழ் வீட்டு சீலிங் நனையக்கூடாது. வேலை நேரம், டெபாசிட், ரப்பிஷ் அள்ளுவது எல்லாவற்றிலும் அசோசியேஷன் சொல்வதைக் கேளுங்கள். அம்மாவை நீங்களே நேரில் போய் அழைத்து வாருங்கள். கிச்சன் சுவரைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.